முதல் ஓவியம் வாங்கப் போகிறேன்: கையெழுத்துப் பிரிண்டா, உள்ளூர் ஒரிஜினலா?

பாயான் லெப்பாஸ்

எல்லாருக்கும் வணக்கம். அறிபுனை, மாயக்கதை ஓவியங்கள் என்றால் எனக்கு உயிர். புத்தக அட்டைகள், கேம் ஓவியத் தொகுப்புகள் என்று அலமாரி நிறைந்து கிடக்கிறது. ஆனால் சுவரில் மாட்ட ஒரு படம்கூட என்னிடம் இல்லை. இந்த வருட போனஸில் 1,500 வெள்ளியை (ரிங்கிட்) இதற்கென்று எடுத்து வைத்துவிட்டேன்.

கண்ணில் இரண்டு படங்கள் நிற்கின்றன. ஒன்று, பெயர்பெற்ற அமெரிக்க ஓவியர் ஒருவரின் பிரிண்ட். எண் போட்டு, அவரே கையெழுத்திட்டது. டிராகன், பனிமலை, கோட்டை. இன்னொன்று, கோலாலம்பூரில் கேம் ஸ்டுடியோவில் வேலை செய்யும் ஒரு தம்பி பலகையில் அக்ரிலிக்கால் வரைந்தது. துருப்பிடித்த சரக்கு விண்கலம் ஒன்று மழையில் துறைமுகத்தில் இறங்குகிறது, கீழே கூலியாட்கள் குடை பிடித்து நிற்கிறார்கள். காமிக்ஸ் விழாவான காமிக் ஃபியெஸ்தாவில் அவர் மேசையில் பார்த்தேன். அனுப்பும் செலவெல்லாம் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான்.

எதை வாங்கலாம்? அப்புறம், நம் பினாங்கு ஈரத்தில் இதையெல்லாம் எப்படிக் காப்பாற்றுவது?

செந்தூல் வாசகர்

தம்பி, நான் ஒரிஜினல் பக்கம். காரணம் சொல்கிறேன்.

இந்த ஓவிய வகையின் சரித்திரமே ஒரிஜினல்கள் தொலைந்துபோன சரித்திரம்தான். 1926 ஏப்ரலில் அமெரிக்காவில் முதல் அறிபுனை இதழான அமேஸிங் ஸ்டோரிஸ் வந்தது. அட்டையை வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால். பனிக்கட்டியின் மேல் மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள், தலைக்கு மேலே சனிக் கோள் வளையத்தோடு தொங்குகிறது. அந்தக் காலத்து மலிவு இதழ்களுக்கு ஓவியம் என்பது அச்சுக்குப் போகும் ஒரு சாமான், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் பதிப்பகத்திலேயே கிடக்கும். அப்படிக் கிடந்தவற்றில் நிறையக் குப்பைக்குப் போயின, நிறைய யார் யார் கைக்கோ போயின. மாயக்கதை ஓவியர் ஃபிராங்க் ஃபிரஸெட்டா இதில் தெளிவாக இருந்தவர். படத்தை அச்சிட்டுக்கொள், பலகையைத் திருப்பிக் கொடு என்று வாங்கி வைத்துக்கொண்டார். 1969இல் ஒரு திகில் இதழின் அட்டைக்கு அவர் வரைந்த எகிப்திய ராணி ஓவியம் 2019இல் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

உங்கள் படமும் ஒருநாள் அப்படிப் போகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. லாபம் வேண்டுமென்றால் வேறு வழி பாருங்கள். அச்சில் ஃபிரஸெட்டாவை ஆயிரம் தடவை பார்த்திருப்போம். ஆனால் எண்ணெய் வண்ணத்தை எந்த இடத்தில் மெல்லிசாக விட்டு நிழலுக்குள் ஆளை மறைத்தார், எந்த இடத்தில் ஒரே இழுப்பில் தோள்பட்டையை முடித்தார் என்பது பலகையில்தான் தெரியும். அந்தத் தம்பியின் பலகையிலும் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கும். மழையை எப்படிப் போட்டிருக்கிறார், வண்ணம் காய்ந்தபின் சுரண்டினாரா, தெளித்தாரா? பிரிண்டில் அதெல்லாம் தட்டையாகிவிடும்.

ஓவியக்காரி அக்கா

வணக்கம் தம்பி. நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், ஸ்டுடியோவில் முழுநேர வேலை. செந்தூல் அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பிரிண்டை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம். பிரிண்டிலும் ரகம் இருக்கிறது.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது: மை நிறமியா, சாயமா? நிறமி மையை அமிலமில்லாத பருத்தித் தாளில் அச்சிட்டால் பல பத்தாண்டுகள் நிறம் நிற்கும். சாய மை வெளிச்சம் பட்டால் சில வருடங்களிலேயே வெளுக்கும், முதலில் போவது பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும்தான். ஆயிரக்கணக்கில் ஆஃப்செட்டில் அடித்த போஸ்டரின் மேல் ஓவியர் கையெழுத்துப் போட்டிருந்தால், நீங்கள் காசு கொடுப்பது கையெழுத்துக்கு. அது தப்பில்லை, ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும். எண் போட்ட பதிப்பு என்றால் மொத்தம் எத்தனை, இதே படம் வேறு அளவில் வேறு எண்ணோடு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் உடனே சொல்லிவிடுவார்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும்போது, 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேல் விலையென்றால் சுங்கத்தில் தனிக் கணக்கு. உங்கள் விலை ஒப்பீட்டில் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. இன்று எங்களில் பெரும்பாலோர் திரையில்தான் வரைகிறோம். எங்கள் வேலைக்கு ஒரிஜினல் என்று ஒரு பொருளே கிடையாது. பகலில் ஸ்டுடியோவில் வரைவது ஒப்பந்தப்படி வெளியே காட்டக்கூடாத ரகசியம். கோலாலம்பூரில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பெரிய விளையாட்டுகளுக்கு உலகங்களையே வரைந்து கொடுக்கிறோம், அதில் எது யார் கை என்று வெளியே யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஒருவர் வீட்டுக்கு வந்து, பலகை எடுத்து, அக்ரிலிக்கில் தன் சொந்தப் படத்தை வரைந்து காமிக் ஃபியெஸ்தா மேசையில் வைக்கிறார் என்றால் அது அவர் தூக்கத்தைக் கொடுத்து வரைந்தது. 2002இலிருந்து நடக்கும் அந்த விழாவில் ஸ்டிக்கரும் சாவிக்கொத்தும் விற்ற அளவுக்கு ஒரிஜினல் விற்றால் இன்னும் நிறையப் பேர் தூரிகை எடுப்பார்கள்.

லெபோ பசார் தாத்தா

பிள்ளைகளா, நல்ல பேச்சு. நான் கொஞ்சம் பழைய கதை பேசுகிறேன், பொறுத்துக் கேளுங்கள்.

நமக்கு மாயக்கதை ஓவியம் அமெரிக்காவிலிருந்தா வந்தது? 1947 ஜூலையில் அம்புலிமாமா வந்தது. விக்கிரமன் ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. அதில் பின்னாளில் அந்தப் படத்தைப் போட்டவர் சங்கர், 2020இல்தான் மறைந்தார். ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளை ஒவ்வொன்றும் கை நீட்டிப் பிடிக்க வருவதுபோல் இருக்கும். ஆனால் அந்த அரசன் முகத்தில் பயமே இருக்காது. பேயை வரைவது எளிது, பேயைச் சுமந்துகொண்டு நிதானமாக நடக்கும் மனிதனை வரைவதுதான் பெரிய வித்தை.

அப்புறம் 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், உலோகக் கை மட்டும் காற்றில் மிதக்கும். அது பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக் கதை, வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ. சிவகாசியில் மட்டரகத் தாளில் அடித்தும் அந்தக் கறுப்பு மையின் வலு குறையவில்லை. மேல்நாட்டு ரசிகர்கள் மோபியஸ், மோபியஸ் என்று கொண்டாடுகிறார்களே, அந்த ஜான் ஜிரோதான் நமக்கு கேப்டன் டைகர் காமிக்ஸ் வரைந்தவர். பாலைவனத்தில் குதிரையேறித் திரிந்த அதே கை மோபியஸ் என்ற பெயரில் வேற்றுக் கிரகத்துப் பாலைவனங்களை வரைந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாறையைக் கோடு போடும் விதம் ஒன்றாகவே இருக்கும்.

ஆகையால் சேகரிப்பு என்றால் சுவரில் மாட்டுவது மட்டுமில்லை. சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். காலையில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போங்கள். கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தை. எழுபதுகளின் அறிபுனை நாவல்கள் அட்டைக்காகவே வாங்கத் தகும். கதை பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, அட்டை நின்றுவிடும்.

பத்துமலை272

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். ஒரு கேள்வி. எல்லாரும் கற்பனையைப் புகழ்கிறீர்கள். அறிபுனை ஓவியம் என்றால் அறிவியல் சரியாக இருக்க வேண்டாமா? விண்வெளி ஓவியத்தின் தந்தை என்று செஸ்லி போன்ஸ்டெல்லைச் சொல்கிறார்கள். அவருடைய புகழ்பெற்ற படம், சனியின் துணைக்கோளான டைட்டனிலிருந்து பார்க்கும் சனி, 1944இல் லைஃப் இதழில் வந்தது. நீல வானத்தில் சனி பளிச்சென்று தெரியும். 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் கலம் டைட்டனில் இறங்கியபோது நாம் பார்த்தது என்ன? அடர்ந்த ஆரஞ்சுப் புகைமூட்டம். அங்கே நின்றால் கண்ணுக்குச் சனி தெரியவே தெரியாது. தவறான படத்தை ஏன் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும்?

செந்தூல் வாசகர்

நல்ல கேள்வி சார், இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

டைட்டனுக்கு வளிமண்டலம் இருப்பதை வானியலாளர் கைப்பர் அறிவித்ததே 1944இல்தான். அதனால் போன்ஸ்டெல் வானத்துக்கு நீலம் கொடுத்தார். அன்றைக்கு இருந்த மிகப் புதிய தகவலை அதே வருடம் வண்ணத்தில் வைத்தவர் அவர். புகைமூட்டம் பற்றி யாருக்கும் தெரியாது.

அவர் கணக்கைப் பாருங்கள். சனியின் விட்டம் ஏறக்குறைய 1,20,000 கிலோமீட்டர், டைட்டன் இருப்பது 12 லட்சம் கிலோமீட்டர் தள்ளி. அப்படியென்றால் அங்கே வானத்தில் சனி ஐந்தரை டிகிரிக்கு மேல் அகலம், நம் நிலாவைப்போல் பதினோரு மடங்கு. போன்ஸ்டெல் இந்தக் கோணக் கணக்கை ஒவ்வொரு துணைக்கோளுக்கும் போட்டு, மைமாஸிலிருந்து எப்படி, ஐயாபெட்டஸிலிருந்து எப்படி என்று ஒரு வரிசையாக வரைந்தார். கட்டடக் கலைஞர்களுக்கு வரைபடம் போட்டவர், ஹாலிவுட்டில் பின்னணி ஓவியம் வரைந்தவர். கேமராக் கோணம் அவர் கையில் ஊறியது. அந்த வரிசையைப் பார்த்த பிறகுதான் வேற்றுலகம் என்பது நின்று பார்க்கக்கூடிய ஓர் இடம் என்று சாதாரண வாசகனுக்குத் தோன்றியது. நிறம் தப்பாகியிருக்கலாம். அங்கே ஒரு மனிதன் நின்றால் அவன் கண்ணுக்கு எது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்ட அந்தக் கேள்வி தப்பாகவில்லை.

பத்துமலை272

கோணக் கணக்கு நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. இதை ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுக்கலாம். ஆனால் என் பக்கத்தை முழுக்க விடமாட்டேன். இன்று வரைபவர்களுக்கு ஹைகன்ஸ் படம் கையில் இருக்கிறது. இன்றும் டைட்டனுக்கு நீல வானம் போட்டால் அது சோம்பல்தான்.

செந்தூல் வாசகர்

அதில் நானும் உங்களோடுதான்.

பிறை நகரத்தாள்

இழையில் ஈரத்தைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஃபிரேம் கடையில் வேலை பார்க்கிறேன், பட்டர்வொர்த் பக்கம். தம்பி, எதை வாங்கினாலும் இதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

இங்கே வெளியே காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் போவது சாதாரணம். 65ஐத் தாண்டி நின்றாலே தாளில் பூஞ்சை பிடிக்க வழி பிறக்கிறது. 50ஐ ஒட்டி நிலையாக வைத்தால் நல்லது. நிலையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். ராத்திரி முழுக்க ஏர்கோன் போட்டு, காலையில் அடைத்துவிட்டு வேலைக்குப் போவது தாளுக்கு மிகவும் கெடுதல். குளிர்ந்து சுருங்கி, சூட்டில் உப்பி, மறுபடி சுருங்கி, கடைசியில் தாள் அலையலையாக நெளிந்துவிடும். படத்தைப் படுக்கையறையை விட ஹாலில் வையுங்கள். முடிந்தால் சின்ன டீஹியூமிடிஃபையர், முப்பது வெள்ளிக்குள் ஓர் ஈரப்பத மானி. மானி இல்லாமல் எல்லாம் ஊகம்தான்.

மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டவே கூடாது. உட்சுவரில் மாட்டினாலும் ஃபிரேமின் கீழ் மூலைகளில் பின்பக்கம் ரப்பர் குமிழ் ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக இடம் விடுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு டேப் ஒட்டி மூடினால் பத்திரம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர முடியாமல் அங்கேயே பூத்துவிடும்.

பிரிண்ட் வாங்கினால் கண்ணாடியில் தாள் தொடவே கூடாது. நடுவில் இடைவெளி விடும் அட்டை, மவுண்ட் போர்டு, கட்டாயம், அமிலமில்லாததாகக் கேளுங்கள். பின்னால் ஜப்பானியத் தாளைச் சின்னக் கீலாக வெட்டி மாவுப்பசையில் ஒட்டச் சொல்லுங்கள். செலோடேப் போடும் கடையாக இருந்தால் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், அந்தப் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கினால் எடுக்கவே முடியாது. யூவி தடுக்கும் அக்ரிலிக் தகடு கண்ணாடியை விட விலை கூடுதல், ஆனால் மாடி வீட்டில் வெயில் நேராக வரும் ஹாலுக்கு அது வேண்டும். மார்க்கரில் வரைந்த படம் என்றால் இன்னும் கவனம். அந்த மை பெரும்பாலும் சாயம்தான், யூவி தகடு போட்டாலும் ஜன்னல் எதிரே மாட்டக்கூடாது.

அக்ரிலிக் பலகை எவ்வளவோ எளிது. கண்ணாடி தேவையில்லை. ஆனால் காய்ந்த பிறகும் நம் சூட்டில் மேற்பரப்பு லேசாக ஒட்டும் தன்மையோடு இருக்கும். குமிழ் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றினால் குமிழ்த் தடம் வண்ணத்திலேயே பதிந்துவிடும்.

கடைசியாக, நம் வீடுகளுக்கென்று ஒன்று. சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் போடும் சாம்பிராணியும் கற்பூரக் கரியும் மெல்ல மெல்ல வானம் எல்லாவற்றையும் பழுப்பாக்கிவிடும். கடைக்கு வரும் படங்களில் அந்தப் படலத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன்.

பாயான் லெப்பாஸ்

அக்கா, இவ்வளவு விவரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. எங்கள் சாமி அறை ஹாலின் ஓரத்தில்தான், அதனால் எதிர்ச்சுவரைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

சுங்கை நிபோங்

இடையில் ஒரு சந்தேகம். பசார் மாலாம் இரவுச் சந்தையில் டிராகன், விண்வெளி வீரன், முருகன் ரோபோ என்று ஏ3 பிரிண்ட்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பார்க்க நன்றாகவே இருக்கின்றன. ஏஐயில் செய்தது என்கிறார்கள். அழகாக இருந்தால் போதாதா?

ஓவியக்காரி அக்கா

போதாது என்பது என் பதில், கோபமில்லாமல் சொல்கிறேன்.

2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சந்தைப் போட்டியில் டிஜிட்டல் பிரிவில் ஏஐ படம் ஒன்று முதல் பரிசு வாங்கியது. அதுவும் நம் வகைதான், வேற்றுலக அரங்கம் ஒன்று. மறு வருடம் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அதைப் பதிவு செய்ய மறுத்தது, ஏஐ உருவாக்கிய பகுதிக்கு உரிமை கோரவில்லை என்று சொல்ல விண்ணப்பித்தவர் மறுத்ததால். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சேகரிப்பவராக யோசியுங்கள். ஒரு படத்தை வருடக்கணக்கில் பார்க்கப் போகிறீர்கள். இந்தக் கவசத்தில் ஏன் இந்த ஓட்டை, இந்தக் கோபுரத்துக்கு ஏன் வாசல் இல்லை என்று உங்களுக்கே கேள்வி வரும். வரைந்தவர் இருந்தால் பதில் இருக்கும். முருகன் ரோபோவின் வேலைப் பாருங்கள், எத்தனை படத்தில் அந்த வேல் கையைத் தொட்டும் தொடாமலும் காற்றில் நிற்கிறது? வேல் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அப்படி வரையமாட்டார்.

வாங்குமுன் கேளுங்கள்: முதல் கிறுக்கல் இருக்கிறதா, நடுவில் எடுத்த படம் இருக்கிறதா? வரைந்தவர் ஆசையாக எடுத்துக் காட்டுவார். போனில் நூறு படம் வைத்திருப்போம்.

சுங்கை நிபோங்

சரிங்கக்கா, வேல் விஷயம் மனதில் நிற்கிறது. இனி அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பத்துமலை272

உள்ளூர் ஓவியர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. விழாக்களில் பார்ப்பதெல்லாம் ஜப்பானிய அனிமே முகங்களாகவே இருக்கின்றன. இந்த மண் எங்கே?

லெபோ பசார் தாத்தா

கேட்டால் வரைவார்கள் சார். கேட்பவர்தான் இல்லை. பினாங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்ற பழங்கோயிலின் கல்மேடை இன்றும் மெர்போக்கில் நிற்கிறது. 1025இல் ராஜேந்திர சோழன் கப்பற்படை கடாரத்துக்கு வந்தது. அந்தக் கப்பல்கள் கடலுக்குப் பதில் மேகத்தின் மேல் வந்தால்? ஜெராய் மலை உச்சியில் விளக்குக் கோபுரம் வைத்து அவற்றை இறக்கினால்? இதை ஒருவரும் வரைந்து நான் பார்த்ததில்லை. பார்க்காமல் போய்விடுவேனோ என்று இருக்கிறது.

ஓவியக்காரி அக்கா

தாத்தா, இதை இப்போதே குறித்துக்கொண்டேன்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன், கேட்டு வரையச் சொல்வது அப்படியொன்றும் பெரிய இடத்து விவகாரம் இல்லை. என்ன வேண்டும் என்று ஒரு பத்தி எழுதிக் கொடுங்கள். நாங்கள் தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு கிறுக்கல் காட்டுவோம். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் பாதிப் பணம், முடிந்ததும் மீதி. திரையிலா, தாளிலா, பலகையிலா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலகை உங்களுடையது, ஆனால் அதை அச்சடித்து விற்கும் உரிமை யாருக்கு என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள், வேறாகப் பேசாவிட்டால் மலேசியச் சட்டப்படி பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே போகும். தோளுக்குப் பின்னால் நின்று தினம் ஒரு மாற்றம் சொல்லாதீர்கள், கிறுக்கல் நிலையில் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிவிடுங்கள்.

பாயான் லெப்பாஸ்

முடிவு செய்துவிட்டேன். துறைமுகம், மழை, குடை பிடித்த கூலியாட்கள். அந்தப் பலகையைத்தான் வாங்குகிறேன். நேற்று அந்தத் தம்பியிடம் பேசினேன். மழை எப்படி வந்தது என்று செந்தூல் அண்ணன் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். காய்ந்த வண்ணத்தின் மேல் வெள்ளையை மெல்லிசாகப் பூசி, ஈரத்திலேயே பழைய வங்கி அட்டையின் விளிம்பால் இழுத்தாராம். கூலியாட்களில் ஒருவர் அவருடைய தாத்தா, பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முதல் கிறுக்கல்கள் மூன்றையும் படத்தோடு சேர்த்தே தருகிறேன் என்றார்.

பிறை அக்காவிடம் ஒரே கேள்வி. கூரியரில் அனுப்பவா என்று கேட்கிறார். எனக்கு மனசில்லை, அடுத்த சனிக்கிழமை ஈடிஎஸ் ரயிலில் போய் நானே எடுத்துவரலாம் என்று இருக்கிறேன். குமிழ் பிளாஸ்டிக் ஆகாது என்றால் எதில் சுற்றட்டும்?

பிறை நகரத்தாள்

வண்ணத்தின் மேல் முதலில் சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாள், கேக் சுடுவதற்கு விற்கிறார்களே அதுதான். அதற்கு மேல் படத்தை விட நாலு பக்கமும் இரண்டு விரல் பெரிதாக வெட்டிய அட்டை, முன்னும் பின்னும். ஓரத்தில் மட்டும் டேப், படத்தில் படாமல். குமிழ் பிளாஸ்டிக் வேண்டுமென்றால் அட்டைக்கு வெளியே சுற்றுங்கள். கிறுக்கல்களைத் தனி உறையில் வையுங்கள், பலகையோடு சேர்த்து அழுத்த வேண்டாம். ரயிலில் மேல் தட்டில் ஏர்கோன் காற்று நேராக அடிக்கும், அதனால் காலுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வர ஒரு ராத்திரி விட்டுப் பிரியுங்கள். பிரித்த பிறகு ஒருநாள் பட்டர்வொர்த் கடைக்குக் கொண்டுவந்து காட்டுங்கள், பின்பக்கம் ரப்பர் குமிழ் நானே ஒட்டித் தருகிறேன்.